என்பிஏ கிடைக்காத அமெரிக்கர்கள் எங்கே போகிறார்கள்? கைல் ஹைன்ஸின் 16 வருட ஐரோப்பா

2008 ஜூன் மாதம் நியூயார்க்கில், அமெரிக்காவின் முதன்மையான கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் டிராஃப்ட் நடந்தது. கல்லூரி ஆட்டக்காரர்களையும் வெளிநாட்டு இளைஞர்களையும் 30 அணிகளும் முறை வைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும் நாள் அது. இரண்டு சுற்றில் மொத்தம் 60 பெயர்கள் வாசிக்கப்பட்டன. கைல் ஹைன்ஸ் என்ற பெயர் அதில் வரவில்லை.

நியூ ஜெர்சிக்காரரான ஹைன்ஸ், வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ பல்கலைக்கழக அணிக்கு நான்கு வருடம் ஆடியவர். அதற்குள் 2000 புள்ளி, 1000 ரீபவுண்ட், 300 பிளாக் என்ற மூன்று கோடுகளையும் தாண்டியிருந்தார். குறி தவறித் திரும்பி வரும் பந்தைப் பிடிப்பது ரீபவுண்ட். எதிராளி கூடையை நோக்கி விடும் பந்தை வழியிலேயே தட்டிவிடுவது பிளாக். இந்த மூன்றையும் சேர்த்துச் செய்தவர்கள் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து வரலாற்றிலேயே விரல்விட்டு எண்ணும் அளவுதான். அப்படியிருந்தும் ஏன் யாரும் எடுக்கவில்லை? உயரம்தான் காரணம். ஹைன்ஸ் 1.98 மீட்டர். தெருவில் நடந்தால் எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். ஆனால் அவர் ஆடிய இடம் சென்டர், அதாவது கூடைக்கடியில் நின்று காவல் காக்கும் இடம். என்பிஏவில் அந்த இடத்துக்கு 2.08, 2.10, 2.13 என்று பனைமரங்கள் நிற்கும். அந்த அளவுகோலில் அவர் குள்ளம்.

சரி, அப்புறம் அவர் என்ன ஆனார்? ஐரோப்பாவின் மிகப் பெரிய போட்டியான யூரோலீக்கை நான்கு முறை வென்றார். அதன் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை மூன்று முறை வாங்கினார். 2010 முதல் 2020 வரையிலான பத்தாண்டின் கனவு அணியில் இடம் பிடித்தார். என்பிஏவின் சீசன் ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கியதில்லை. இந்த ஒரு மனிதரின் பாதையைப் பின்தொடர்ந்தாலே ‘ஐரோப்பாவில் ஆடும் அமெரிக்கர்’ என்ற தொழில் எப்படி நடக்கிறது என்பது புரிந்துவிடும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் பிரிவில் மட்டும் இன்று 350-க்கும் மேற்பட்ட அணிகள் உள்ளன. வருடா வருடம் அவற்றிலிருந்து படிப்பு முடித்து வெளியே வருகிறவர்கள் ஆயிரத்துக்கும் மேல். என்பிஏவில் ஓர் அணிக்கு 15 பேர் என்றால் மொத்தமே 450 இடம். அந்த இடங்களிலும் ஏற்கெனவே ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மிச்சமுள்ளவர்களில் ஆட்டத்தைத் தொழிலாக வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் ஒரு வார்த்தை சொல்வார்கள்: ஓவர்சீஸ். துருக்கி, இஸ்ரேல், ஸ்பெயின், லித்துவேனியா, கிரீஸ், எதுவாக இருந்தாலும் அவர்களுக்கு அது ஓவர்சீஸ்தான்.

ஐரோப்பாவின் அமைப்பு கால்பந்து பார்க்கிறவர்களுக்கு எளிதில் பிடிபடும். ரியல் மாட்ரிட், பார்சிலோனா, பாயர்ன் மியூனிக், ஒலிம்பியாகோஸ் என்று நாம் கேட்டுப் பழகிய கிளப்புகள் பலவற்றுக்குக் கூடைப்பந்து அணியும் உண்டு. அதே கொடி, அதே நிறம், அதே ரசிகர்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் சொந்த லீக் இருக்கிறது. அதற்குக் கீழே இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு. கடைசியில் முடிக்கும் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கும், கீழே ஜெயித்த அணி மேலே ஏறும். நாட்டு லீக்குகளில் ஆடிக்கொண்டே, கண்டத்தின் பெரிய அணிகள் தங்களுக்குள் மோதிக்கொள்வது யூரோலீக். 1958-இல் தொடங்கிய ஐரோப்பிய சாம்பியன் கோப்பையின் வழிவந்தது அது. இப்போது 20 அணிகள் ஆடுகின்றன. கடைசி நான்கு அணிகள் ஒரே ஊரில், ஒரே வார இறுதியில் மோதும். அதற்குப் பெயர் ஃபைனல் ஃபோர். ஒரு ஆட்டம் தோற்றால் வருடம் முழுக்க உழைத்தது போச்சு.

மேலே ஏறுவது, கீழே இறங்குவது என்ற இந்த வழக்கம் அமெரிக்க விளையாட்டில் கிடையாது. என்பிஏவில் கடைசியாக வரும் அணிக்கு அடுத்த டிராஃப்ட்டில் நல்ல ஆளை எடுக்க முன்னுரிமை கிடைக்கும், தோற்றாலும் ஒரு ஆறுதல் உண்டு. ஐரோப்பாவில் தோற்றுக்கொண்டே இருந்தால் ஊரே கீழ்ப் பிரிவுக்குப் போகும். அந்தப் பயம் முதலில் விழுவது வெளிநாட்டு ஆட்டக்காரர்களின் தலையில்தான். நாலு ஆட்டம் தொடர்ந்து தோற்றால் டிசம்பரிலேயே ஒரு அமெரிக்கருக்குச் சீட்டுக் கிழிந்து, ஜனவரியில் இன்னொரு அமெரிக்கர் விமானத்தில் வந்து இறங்குவார்.

காரணம் எளிது. வெளிநாட்டவர் இடம் எண்ணிக்கைக்கு உட்பட்டது. ஐபிஎல்லில் ஆடும் 11 பேரில் 4 வெளிநாட்டவர் என்ற விதி நமக்குத் தெரியும். அதைப்போல ஐரோப்பாவில் நாட்டுக்கு நாடு ஒரு விதி. ஜெர்மனியில் 12 பேர் கொண்ட அணியில் குறைந்தது 6 பேர் ஜெர்மானியராக இருக்க வேண்டும். இத்தாலியின் முதல் பிரிவில் ஒரு கிளப் 5 இத்தாலியர், 5 வெளிநாட்டவர் என்றோ, 6-க்கு 6 என்றோ முன்கூட்டியே தேர்ந்துகொள்கிறது. இத்தாலியின் இரண்டாம் பிரிவில் அணிக்கு 2 வெளிநாட்டவர்தான். ஸ்பெயினில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு இரண்டே இடம். யூரோலீக்கில் மட்டும் இப்படி நாட்டுக் கட்டுப்பாடு கிடையாது. அதனால்தான் ஒரே அமெரிக்கர் வியாழக்கிழமை யூரோலீக்கில் 30 நிமிடம் ஆடிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை உள்ளூர் லீக்கில் கோட் சூட் போட்டுப் பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

இந்த இடத்தில் பாஸ்போர்ட் ஒரு பெரிய சொத்தாகிவிடுகிறது. தாத்தாவோ பாட்டியோ ஐரோப்பாவில் பிறந்தவராக இருந்தால், அந்தப் பாஸ்போர்ட் கையில் உள்ள அமெரிக்கருக்கு வேலை சுலபமாகக் கிடைக்கும், சம்பளமும் கூடும். சில நாடுகள் தங்கள் தேசிய அணிக்கு ஆள் வேண்டும் என்பதற்காகவே அமெரிக்கர்களுக்குக் குடியுரிமை கொடுக்கின்றன. அப்படிச் சேர்க்கப்பட்டவர்களில் ஒரு அணிக்கு ஒருவரைத்தான் உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபா அனுமதிக்கிறது. அந்த ஒருவர் வரலாற்றையே மாற்றியதும் உண்டு. 2007 ஐரோப்பிய சாம்பியன்ஷிப் இறுதியாட்டம் மாட்ரிட்டில் நடந்தது. சொந்த மண்ணில் ஆடிய ஸ்பெயினை ரஷ்யா 60-59 என்று வென்றது. முடிய சுமார் இரண்டு வினாடி இருக்கும்போது அந்தக் கடைசிக் கூடையைப் போட்டவர் ஜே. ஆர். ஹோல்டன், பிட்ஸ்பர்க்கில் பிறந்த அமெரிக்கர். 2022-இல் ஸ்பெயினே அந்த வழிக்கு வந்தது. அந்த வருட ஐரோப்பிய சாம்பியன் அணியில் பந்தை நடத்திச் சென்றவர் லோரென்சோ பிரவுன், அவரும் அமெரிக்கரே.

ஹைன்ஸிடம் அப்படி எந்தப் பாஸ்போர்ட்டும் இல்லை. அவருக்கு வந்த முதல் வேலை இத்தாலியின் இரண்டாம் பிரிவில். ரோமுக்குத் தென்கிழக்கே மலைமேல் இருக்கும் வெரோலி என்ற சிறு ஊர். சுமார் 20,000 பேர் வசிக்கும் இடம். கல்லூரி முடித்த 22 வயதுப் பையன், மொழி தெரியாத ஒரு மலை ஊரில் முதல் தொழில் வாழ்க்கையைத் தொடங்கினார். இரண்டு சீசன் அங்கே ஆடினார். 2009, 2010 இரண்டு வருடமும் அந்தப் பிரிவின் இத்தாலியக் கோப்பையை வெரோலி எடுத்தது. பெரிய கிளப்புகளின் ஆள் தேடுபவர்கள் இப்படிப்பட்ட ஊர்களில்தான் வந்து உட்காருவார்கள். ஐரோப்பாவில் மேலே போகும் ஏணி இதுதான்: இரண்டாம் பிரிவில் ஒரு சின்னக் கிளப், அடுத்து முதல் பிரிவில் ஒரு நடுத்தரக் கிளப், பிறகு யூரோலீக். யூரோலீக் வரலாற்றில் அதிகப் புள்ளி எடுத்தவர் என்ற இடத்தை 2024-இல் பிடித்த மைக் ஜேம்ஸும் டிராஃப்ட்டில் எடுக்கப்படாதவர்தான். அவரும் இஸ்ரேல், இத்தாலி நாடுகளின் கீழ்ப் பிரிவுகளில் ஆடித்தான் மேலே வந்தார்.

ஆட்டம் ஒன்றுதான், விதி வேறு

ஐரோப்பாவில் ஆட்டம் 40 நிமிடம், என்பிஏவில் 48. இங்கே 5 ஃபவுல் செய்தால் வெளியே, அங்கே 6. மூன்று புள்ளிக் கோடு இங்கே கூடையிலிருந்து 6.75 மீட்டர், அங்கே 7.24 மீட்டர். இவற்றைப் பட்டியலாகப் படித்தால் பெரிதாகத் தோன்றாது. ஆட்டத்தை உண்மையில் மாற்றுவது இன்னொரு விதி.

கூடைக்குக் கீழே வண்ணம் தீட்டிய செவ்வகம் இருக்கும், பெயின்ட் என்பார்கள். என்பிஏவில் தடுக்கும் அணியின் ஆள் யாரையும் காக்காமல் அதற்குள் மூன்று வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது. ஐரோப்பாவில் அந்தத் தடை கிடையாது. சென்டர் விரும்பும் நேரமெல்லாம் அங்கேயே நிற்கலாம். இதனால் என்பிஏவில் வேகத்தையும் தாவலையும் நம்பி உள்ளே புகுந்து பழகிய ஒரு அமெரிக்கர், இங்கே உள்ளே புகுந்தால் இரண்டு மூன்று உடம்புகள் காத்துக்கொண்டிருக்கும். அகலம் குறைந்த மைதானம், குறைந்த நேரம், நெருக்கமான ஆட்கள். ஒவ்வொரு முறை பந்து கைக்கு வருவதும் விலை உயர்ந்த சமாச்சாரம் ஆகிவிடுகிறது. கல்லூரியில் ஆட்டத்துக்கு 25 புள்ளி போட்ட பையன் இங்கே வந்து 9 புள்ளி போட்டு, அணி ஜெயித்தால் பயிற்சியாளர் தோளில் தட்டுவார். 25 போட்டு அணி தோற்றால் முகம் கொடுத்துப் பேச மாட்டார். இந்த மாற்றத்தை மனதால் ஏற்காதவர்கள் ஒரே சீசனில் ஊர் திரும்பிவிடுகிறார்கள்.

ஹைன்ஸ் ஏன் இங்கே தேறினார் என்பதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு அசைவைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். அதன் பெயர் பிக் அண்ட் ரோல்.

பந்து கார்டின் கையில். கார்டு என்றால் உயரம் குறைவாக, வேகமாக, பந்தைத் தட்டிக்கொண்டு ஆட்டத்தை நடத்துபவர். அவர் எதிரே ஒரு காவலர் கால்களை அகட்டிக் குனிந்து நிற்கிறார். ஹைன்ஸ் கூடைக்கடியிலிருந்து மேலே ஓடி வந்து அந்தக் காவலரின் பக்கவாட்டில் தூணைப் போல நிற்பார். இரண்டு பாதமும் தரையில் ஊன்றியிருக்கும், கைகள் மார்போடு அணைந்திருக்கும். இது ஸ்கிரீன். நின்ற பிறகு இடுப்பையோ தோளையோ கொஞ்சம் அசைத்தாலும் ஃபவுல். இப்போது கார்டு அவர் தோளை உரசிக்கொண்டே கடக்கிறார். துரத்தி வரும் காவலர் அந்தத் தூணில் மோதுகிறார். அரை வினாடி தாமதம். அந்த அரை வினாடியில் கார்டுக்கு வழி திறக்கிறது. ஹைன்ஸ் அதே நொடியில் திரும்பிக் கூடையை நோக்கி ஓடுகிறார். அதுதான் ரோல். தடுக்கும் இருவரும் கார்டைப் பிடித்தால் பந்து ஹைன்ஸுக்கு வரும். ஹைன்ஸைப் பிடித்தால் கார்டே எறிவார்.

இதை எதிரணி செய்யும்போது தடுப்பது எப்படி? எளிதான வழி ஆளை மாற்றிக்கொள்வது: என் ஆளை நீ பிடி, உன் ஆளை நான் பிடிக்கிறேன். இதற்கு ஸ்விட்ச் என்று பெயர். ஆனால் 2.13 மீட்டர் சென்டர் ஒருவர் திடீரென்று 1.85 மீட்டர் கார்டின் எதிரே நின்றால் என்ன ஆகும்? கார்டு இடப்பக்கம் ஒரு பொய் அசைவு காட்டுவார், சென்டரின் கால்கள் பின்னிக்கொள்ளும், முடிந்தது. ஹைன்ஸுக்கு அது நடக்காது. குறைந்த உயரம் கால்களுக்கு வேகத்தைக் கொடுத்தது. நீண்ட கைகளும் பலமான இடுப்பும் கூடைக்கடியில் பெரியவர்களோடு முட்டி மோத உதவின. பாயின்ட் கார்டு முதல் சென்டர் வரை யார் எதிரே வந்தாலும் அவரால் நிற்க முடிந்தது. என்பிஏ அவரிடம் குறை என்று கண்ட அதே உயரம் இங்கே அவருடைய ஆயுதம் ஆனது. உலகக் கூடைப்பந்து முழுக்க இன்று எல்லா அணிகளும் ஸ்விட்ச் செய்கின்றன, குட்டைச் சென்டர்களைத் தேடுகின்றன. அவர் பத்து வருடம் முந்திப் பிறந்துவிட்டார் என்று நான் நினைப்பதுண்டு.

பாம்பெர்கிலிருந்து பிரேயஸ் துறைமுகத்துக்கு

2010-இல் ஜெர்மனியின் பாம்பெர்க் கிளப் அவரை அழைத்தது. பவேரியாவின் வடக்கே இருக்கும் பழைய ஊர் அது, கூடைப்பந்துப் பித்துக்குப் பேர்போனது. அந்த ஒரே சீசனில் ஜெர்மன் லீக்கும் ஜெர்மன் கோப்பையும் பாம்பெர்குக்கு. இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் ஹைன்ஸ். யூரோலீக்கின் முதல் ருசியும் அங்கேதான் கிடைத்தது.

அவர் கிளம்பிய பிறகு அந்த இடத்துக்கு வந்தவர்களில் ஒருவர் பி. ஜே. டக்கர். 1.96 மீட்டர், அகன்ற தோள், அதே மாதிரி தடுப்பாட்டம். டக்கர் 2006-இல் டிராஃப்ட் ஆகி, என்பிஏவில் நிலைக்காமல், இஸ்ரேல், உக்ரைன், கிரீஸ், இத்தாலி என்று சுற்றிவிட்டுப் பாம்பெர்குக்கு வந்தார். 2012 இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு. அந்தக் கோடையில் என்பிஏவின் ஃபீனிக்ஸ் அணி அவரைக் கூப்பிட்டது, 2021-இல் மில்வாக்கியோடு என்பிஏ சாம்பியனும் ஆனார். அடுத்தடுத்த வருடங்களில் ஒரே ஊரில் ஒரே விருதை வாங்கிய இரண்டு அமெரிக்கர்கள். ஒருவர் திரும்பிப் போனார், ஒருவர் இங்கேயே தங்கி ஐரோப்பாவின் உச்சியைத் தொட்டார். இரண்டில் எது வெற்றி என்று என்னைக் கேட்டால், பிரித்துச் சொல்ல எனக்கு மனம் வராது.

2011-இல் ஹைன்ஸ் போன இடம் ஒலிம்பியாகோஸ், ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்தின் கிளப். கிரீஸ் கடன் நெருக்கடியில் மூழ்கியிருந்த வருடம் அது. கிளப் செலவைக் குறைத்தது, பெரிய பெயர்கள் வெளியேறின. அதில் மிலோஷ் தியோடோசிச் போன இடம் சிஎஸ்கேஏ மாஸ்கோ. மிச்சமிருந்த இளைஞர்களையும் வாசிலிஸ் ஸ்பனூலிஸ் என்ற ஒரு நட்சத்திரத்தையும் வைத்துக்கொண்டு துஷான் இவ்கோவிச் என்ற மூத்த செர்பியப் பயிற்சியாளர் அணியைக் கட்டினார். ஸ்பனூலிஸுக்கு ஸ்கிரீன் போடும் ஆள்களில் ஒருவர் ஹைன்ஸ்.

2012 மே மாதம் இஸ்தான்புல்லில் இறுதியாட்டம். எதிரே அதே சிஎஸ்கேஏ, ஐரோப்பாவின் பணக்கார அணி. மூன்றாவது கால் பகுதியில் ஒலிம்பியாகோஸ் 19 புள்ளி பின்தங்கியிருந்தது. 40 நிமிட ஆட்டத்தில் அந்த நேரத்தில் 19 புள்ளி என்றால் பெரும்பாலும் கதை முடிந்த மாதிரிதான். ஆனால் அவர்கள் தடுக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு முறையும் உடம்பைக் கொடுத்துத் தடுத்தார்கள். பந்து பிடுங்கப்பட்டது, புள்ளிகள் ஒன்றிரண்டாகக் கரைந்தன. பத்து வினாடிக்கும் குறைவாக இருக்கும்போது சிஎஸ்கேஏ 61-60 என்று முன்னிலையில் இருந்தது. லித்துவேனியாவின் ரமூனாஸ் ஷிஷ்கவுஸ்கஸ், பதற்றப்படாதவர் என்று பெயர் வாங்கியவர், ஃபவுலுக்கு ஈடாக யாரும் தடுக்காமல் கோட்டிலிருந்து எறியும் ஃப்ரீ த்ரோ இரண்டை எறிய வந்தார். இரண்டும் தவறின. பந்தை வாங்கிக்கொண்டு ஸ்பனூலிஸ் ஓடினார். உள்ளே புகுந்ததும் காவலர்கள் அவர் பக்கம் சாய்ந்தார்கள். அவர் பந்தை யோர்கோஸ் பிரின்டெசிஸுக்குத் தள்ளினார். பிரின்டெசிஸ் ஒரு கையால் மேலே மிதக்கவிட்டார். பந்து கூடைக்குள் விழுந்தபோது கடிகாரத்தில் 0.7 வினாடி மிச்சம். 62-61. அந்த ஆட்டத்தைப் பதிவில் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கே இல்லை, ஒவ்வொரு முறையும் ஷிஷ்கவுஸ்கஸ் கோட்டில் நிற்கும்போது வயிறு பிசைகிறது.

அடுத்த வருடம் லண்டனில் ரியல் மாட்ரிட்டை 100-88 என்று வென்று ஒலிம்பியாகோஸ் கோப்பையைத் தக்கவைத்தது. வெரோலியிலிருந்து கிளம்பி மூன்றே வருடத்தில் ஹைன்ஸிடம் இரண்டு யூரோலீக் பட்டம்.

சம்பளம், வீடு, கார், அப்புறம் வழக்கு

ஐரோப்பிய ஒப்பந்தம் அமெரிக்க ஒப்பந்தத்தைப் போன்றது அல்ல. இங்கே பேசப்படும் தொகை பொதுவாகக் கையில் வரும் தொகை, வரியைக் கிளப் தனியாகக் கட்டிவிடும். சாமான்களோடு வீடு, ஒரு கார், குடும்பத்துக்கு விமான டிக்கெட் எல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதப்படும். ஆகஸ்ட்டில் பயிற்சி முகாம், பெரும்பாலும் எங்காவது மலைப் பிரதேசத்தில், காலையும் மாலையும் இரண்டு வேளை. ஜூன் வரை சீசன் ஓடும். யூரோலீக்கின் உச்ச ஆட்டக்காரர்கள் வருடத்துக்குப் பத்து லட்சம் யூரோவுக்கு மேல் வாங்குகிறார்கள். சின்னக் கிளப்புகளில் அதில் ஒரு சிறு பங்குதான். என்பிஏவிலிருந்து அழைப்பு வந்தால் விட்டுப் போகலாம் என்ற ஷரத்தையும் ஏஜென்டுகள் பலர் கேட்டு வாங்குவார்கள். அப்படிப் போகும்போது கிளப்புக்குக் கட்டும் தொகைதான் பைஅவுட்.

எல்லாக் கிளப்பும் நேரத்துக்குப் பணம் கொடுப்பதில்லை. ஐரோப்பாவில் ஆடிய அமெரிக்கர்கள் ஒன்றுகூடினால் தவறாமல் வரும் பேச்சு இது: மூன்று மாதச் சம்பளம் பாக்கி. முன்பெல்லாம் தெரியாத நாட்டின் நீதிமன்றத்தில், தெரியாத மொழியில் வழக்குப் போட வேண்டும். பலர் பணத்தை விட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். 2007-இல் ஃபீபா ஜெனீவாவில் கூடைப்பந்துக்கென்றே ஒரு நடுவர் மன்றம் அமைத்தது. வழக்கு ஆங்கிலத்தில் நடக்கும், பெரும்பாலும் எழுத்து மூலமே முடியும். தீர்ப்புப்படி பணம் கட்டாத கிளப் புதிய ஆட்டக்காரர்களைப் பதிவு செய்ய முடியாதபடி ஃபீபா தடை போடலாம். சாதாரண ஆட்டக்காரனுக்கு இவ்வளவு பலம் கொடுத்த வேறொரு ஏற்பாடு இந்தத் தொழிலில் இல்லை என்பது என் கருத்து. 2018-இல் யூரோலீக் ஆட்டக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கமும் ஆரம்பித்தார்கள். அதன் தலைவராக இருந்தவர் ஹைன்ஸ்.

பணத்தைப் போலவே நாள்காட்டியும் ஒரு சிரமம். அமெரிக்கக் குடும்பங்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் நன்றியறிதல் நாள் நவம்பர் நான்காவது வியாழக்கிழமை. யூரோலீக் ஆட்டங்கள் வழக்கமாக வியாழன், வெள்ளியில். ஊரில் எல்லாரும் வான்கோழி வெட்டும் நேரத்தில் இவர்கள் பெல்கிரேடிலோ கவுனாஸிலோ காலில் பட்டை சுற்றிக்கொண்டிருப்பார்கள்.

பிள்ளைகளோடு வந்தவர்கள் கதை வேறு. ஜோ பிரயன்ட் என்ற அமெரிக்கர் என்பிஏவில் இடம் போன பிறகு 1984 முதல் 1991 வரை இத்தாலியில் ஆடினார். ரியெட்டி, ரெஜ்ஜோ கலாப்ரியா, பிஸ்டோயா, ரெஜ்ஜோ எமிலியா என்று ஊர் ஊராகக் குடும்பம் மாறியது. அவருடைய மகன் அங்கே இத்தாலிய மொழி பேசி வளர்ந்து, ஐரோப்பியப் பயிற்சியில் அடிப்படைகளைக் கற்றான். அந்தப் பையன்தான் கோபி பிரயன்ட்.

மாஸ்கோ, மிலான்

2013-இல் ஹைன்ஸ், முந்தைய வருடம் தான் தோற்கடித்த சிஎஸ்கேஏவுக்கே போனார். ஏழு வருடம் மாஸ்கோவில். யூரோலீக் பட்டம் உடனே வரவில்லை. 2014 அரையிறுதியில் மக்காபி டெல் அவிவ் கடைசி வினாடிகளில் 68-67 என்று பறித்தது. 2015-இலும் 2017-இலும் அரையிறுதியில் அவரைத் தோற்கடித்தது அவருடைய பழைய ஒலிம்பியாகோஸ். நடுவே 2016-இல் பெர்லினில் ஃபெனர்பாச்சேயைக் கூடுதல் நேரத்தில் 101-96 என்று வென்றார்கள். 2019-இல் ஸ்பெயினின் விட்டோரியாவில் அனடோலு எஃபெஸை 91-83 என்று வென்றார்கள். இத்தனை வருடமும் அவர் அதிகப் புள்ளி எடுப்பவராக இருந்ததே இல்லை. தியோடோசிச்சும் நான்டோ டி கோலோவும் பந்தை வைத்து வித்தை காட்டினார்கள், அவர் அவர்களுக்கு ஸ்கிரீன் போட்டார், கடைசி நிமிடத்தில் எதிரணியின் மிகச் சிறந்த ஆளின் முன்னால் போய் நின்றார்.

2012 முதல் 2019 வரை எட்டு ஃபைனல் ஃபோரிலும் அவர் இருந்தார். 2020-இல் கோவிட் காரணமாக அது நடக்கவேயில்லை. 2021-இல் மிலானோடு மறுபடி. நடந்த ஒன்பதில் ஒன்பதிலும் ஒரே ஆள். அந்த அளவுக்கு ஒரு ஆட்டக்காரர் இருக்கும் இடமெல்லாம் அணி கடைசி நான்குக்கு வருகிறது என்றால், புள்ளிப் பட்டியலில் எழுதப்படாத எதையோ அவர் செய்கிறார் என்றுதானே பொருள்?

2020-இல் போன மிலான் கிளப்புக்கும் அமெரிக்கர்களுக்கும் பழைய உறவு உண்டு. பில் பிராட்லி என்ற பிரின்ஸ்டன் மாணவர் 1965-இல் என்பிஏவைத் தள்ளிவைத்துவிட்டு ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கப் போனார். படித்துக்கொண்டே மிலானுக்குப் பறந்து வந்து ஐரோப்பிய ஆட்டங்களில் ஆடினார். 1966-இல் அந்தக் கிளப் ஐரோப்பிய சாம்பியன் ஆனது. பிறகு நியூயார்க் நிக்ஸோடு இரண்டு என்பிஏ பட்டம், அதற்கும் பிறகு ஹைன்ஸின் சொந்த மாநிலமான நியூ ஜெர்சிக்கு 18 வருடம் செனட்டர். 1986-இல் பாப் மெக்கடூ வந்தார், என்பிஏவின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை 1975-இல் வாங்கியவர். 35 வயதில் ஓய்வெடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்தவர்களுக்கு 1987, 1988 இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளால் பதில் சொன்னார்.

ஹைன்ஸ் மிலானில் நான்கு சீசன் ஆடினார். 2022-இல், 35 வயதில், மூன்றாம் முறையாக யூரோலீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் ஆனார். 2022, 2023, 2024 மூன்று வருடமும் இத்தாலியப் பட்டம் மிலானுக்கு. கடைசிப் பட்டத்தோடு ஆட்டத்தை நிறுத்திக்கொண்டார். இத்தாலியின் இரண்டாம் பிரிவில் தொடங்கியவர், அதே இத்தாலியின் முதல் இடத்தில் முடித்தார்.

யூரோலீக் பார்க்கத் தொடங்குகிறவர்கள் முதல் சில ஆட்டங்களில் ஒன்று செய்து பாருங்கள். பந்தை விட்டுவிட்டு, ஸ்கிரீன் போட ஓடி வரும் சென்டரை மட்டும் ஐந்து நிமிடம் கவனியுங்கள். எங்கே பாதம் ஊன்றுகிறார், எப்போது திரும்புகிறார், எதிரணியின் கார்டு முன்னால் மாட்டிக்கொண்டால் கால் எப்படி நகர்கிறது என்று. ஹைன்ஸ் 16 வருடம் செய்த வேலை அதுதான். 2024-இல் புரூக்ளின் நெட்ஸ் அணி அவரை இளம் ஆட்டக்காரர்களை வளர்க்கும் பணிக்கு எடுத்துக்கொண்டது. டிராஃப்ட்டில் பெயர் வராத அந்தப் பையன், 38 வயதை நெருங்கும்போது, என்பிஏ அணி ஒன்றின் பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்தார்.